‘நாளையிலிருந்து வரமாட்டேன் மேடம்’

கேள்வி: நான் ஒரு கால் சென்டரில் டீம் மேனேஜர். ஏஜென்டாகச் சேர்ந்து, ஹெட்செட் மாட்டி, படிப்படியாக மேலே வந்தவள். பதினான்கு வருடமாக இதே தொழில். என் ஷிஃப்டில் 25 பேர் இருக்க வேண்டும்; இருப்பது 21. எல்லோரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகள். சேர்ந்து இரண்டு மூன்று மாதத்தில் ‘நாளையிலிருந்து வரமாட்டேன் மேடம்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வருகிறது. ஒருவன் இடைவேளைக்குப் போனவன், திரும்பி வரவே இல்லை. எதைச் சொன்னாலும் ‘ஏன்?’ என்கிறார்கள். வாடிக்கையாளர் சத்தம் போட்டால் அழுகிறார்கள், இல்லையென்றால் லாக்-அவுட் செய்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். நாங்களெல்லாம் இப்படியா இருந்தோம்? ஆட்கள் போகாமல் தக்கவைக்க மேலிடம் என்னிடம் ‘ரிடென்ஷன் பிளான்’ கேட்கிறது. வெள்ளிக்கிழமை விளையாட்டு, மாதத்தின் சிறந்த ஊழியர் கேடயம் எல்லாம் நடத்திப் பார்த்தாயிற்று. இப்போது டீமிலேயே நன்றாக வேலை செய்யும் பெண் ஒருத்தி பேப்பர் போட்டிருக்கிறாள். அவளை எப்படி நிறுத்துவது? இந்தத் தலைமுறையை வைத்து எப்படித்தான் வேலை வாங்குவது?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

தலைமுறையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்த நான்கு காலி நாற்காலிகளைப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

ஒரு கணக்கு போடுவோம். அரை மணி நேரத்துக்கு 100 அழைப்புகள் வருகின்றன, பேச்சு, ஹோல்டு, பின்னால் குறிப்பெழுதுவது எல்லாம் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 600 நிமிட வேலை. ஒருவர் அரை மணியில் 30 நிமிடம்தான் தர முடியும் என்பதால், 20 பேர் மூச்சுவிடாமல் பேசினால் முடிந்துவிடும். ஆனால் அழைப்புகள் அப்படி வரிசை பிடித்து வருவதில்லை. திடீரென்று பத்து சேர்ந்து வரும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே வராது. இந்த ஒழுங்கின்மையைக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க் கணிதர் ஏ.கே. எர்லாங். 1917-ல் அவர் வெளியிட்ட சூத்திரத்தை வைத்துத்தான் இன்றும் கால் சென்டர்களில் எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடுகிறார்கள்.

நம் எண்களை அதில் போட்டால் இப்படி வருகிறது. 25 பேர் இருந்தால் வாடிக்கையாளர் சராசரியாக 15 விநாடி காத்திருக்கிறார். ஏஜென்ட் தன் நேரத்தில் 80 சதவீதம் அழைப்பில் இருக்கிறார். 23 பேர் என்றால் காத்திருப்பு 50 விநாடி. அழைப்பில் கழியும் நேரம் 87 சதவீதம். 21 பேர் என்றால் காத்திருப்பு நாலரை நிமிடம்; அழைப்பில் கழியும் நேரம் 95 சதவீதம். ஆட்கள் ஆறில் ஒரு பங்கு குறைந்ததற்குக் காத்திருப்பு 18 மடங்கு ஆகிவிட்டது! நிஜத்தில் சிலர் பொறுமை இழந்து போனை வைத்துவிடுவார்கள், அதனால் எண் இவ்வளவு மோசமாகத் தெரியாது. ஆனால் வைத்தவர்கள் கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிடுவார்கள், இன்னும் கோபமாக.

இதையே ஏஜென்டின் நாற்காலியிலிருந்து பாருங்கள். 25 பேர் இருக்கும்போது ஒரு அழைப்பு முடிந்து அடுத்தது விழுவதற்குள் சராசரியாக ஒன்றரை நிமிடம் கிடைக்கிறது. தண்ணீர் குடிக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் ‘அந்த ரீஃபண்டு எப்படிப் போடுவது?’ என்று கேட்கலாம், முந்தைய ஆள் திட்டியதை மறக்கலாம். 21 பேர் இருக்கும்போது அதுவே 18 விநாடி. எதிர்முனையில் இருப்பவரோ நாலரை நிமிடம் இசை கேட்டு வெறுத்துப்போய் வருகிறார். இந்த நிலைமையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்தவன் இடைவேளைக்குப் போனால் திரும்பி வராதது எனக்கு ஆச்சரியமாக இல்லை. 85 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் ஓட்டக்கூடாது என்று தொழிலில் பழகியவர்கள் சொல்வார்கள். நீங்கள் அதைத் தாண்டிப் பல வாரம் ஆகியிருக்கும். போனவர்கள் போனதாலேயே மிச்சம் இருப்பவர்களும் போகிறார்கள். இதில் வயதுக்கு வேலையே இல்லை.

ஆகவே மேலிடத்துக்கு எழுதும் பிளானில் முதலில் இந்தக் கணக்கை வையுங்கள், உங்கள் ஷிஃப்டின் சொந்த எண்களோடு. ஆள் போன பிறகு ஆள் தேடினால், பயிற்சி முடித்து அவர்கள் தளத்துக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு பேர் போயிருப்பார்கள். வழக்கமாக எத்தனை பேர் போவார்கள் என்று உங்கள் நிறுவனத்துக்கே தெரியும். அத்தனை பேரை முன்கூட்டியே பயிற்சியில் வைத்திருக்க வேண்டும். அதுவரை கூட்டமான நேரத்தில் ‘நாங்களே உங்களைத் திரும்ப அழைக்கிறோம்’ வசதியைத் திறந்து விடுங்கள். உச்ச நேரத்துக் கூட்டம் மந்தமான நேரத்துக்கு நகரும். இன்னொன்று: ஆள் குறையும்போது முதலில் கைவைக்கப்படுவது இடைவேளையும் பயிற்சி நேரமும்தான். ‘இன்னிக்கு ஒருநாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்பது தினசரி வழக்கமாகிவிடும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சர்வீஸ் லெவல், அதாவது குறித்த விநாடிக்குள் எடுத்த அழைப்புகளின் சதவீதம், ஒரு நாள் விழுந்தால் மறுநாள் எழும். போன ஆள் வரமாட்டான்.

சரி, தலைமுறைக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் ஒரு நிபுணர் குழுவை வைத்து இதை ஆராய்ந்து 2020-ல் அறிக்கை வெளியிட்டன. பிறந்த வருடத்தை வைத்து ஆட்களைப் பிரித்து, அதற்கேற்ப நிர்வாகம் செய்வதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்பதுதான் அதன் முடிவு. எந்தக் காலத்திலும் இருபது வயதுக்காரர்கள் நாற்பது வயதுக்காரர்களைவிட அதிகமாக வேலை மாறுவார்கள். கடன், குழந்தைகளின் பள்ளி என்று கட்டிப்போட ஒன்றும் இருக்காது. உங்களோடு சேர்ந்த பேட்சில் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ‘நாங்களெல்லாம் இருந்தோமே’ என்று சொல்வது எப்போதும் இருந்தவர்கள்தான். போனவர்கள் இங்கே இல்லை, பதில் சொல்ல.

ஆனால் இரண்டு விஷயம் உண்மையாகவே மாறியிருக்கிறது. ஒன்று, வேலை. நீங்கள் சேர்ந்தபோது ‘பேலன்ஸ் எவ்வளவு?’, ‘பாஸ்வேர்டு மறந்துபோச்சு’, ‘பில் கட்டக் கடைசி நாள் எது?’ என்று நிறைய எளிய அழைப்புகள் வந்திருக்கும். அவை இரண்டு கடினமான அழைப்புகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் தந்தன. புதியவர்கள் தைரியம் பெற்றதும் அவற்றில்தான். இப்போது அதையெல்லாம் ஆப்பும் சாட்பாட்டும் எடுத்துக்கொண்டன. ஆப்பில் முட்டிமோதி, பாட்டோடு சண்டை போட்டு, எதுவும் நடக்காமல் கடைசியாக மனிதக் குரலைத் தேடி வருபவர்தான் இன்று உங்கள் புதுப் பையனின் முதல் வாடிக்கையாளர். பதினான்கு வருடத்துக்கு முன் நீங்கள் மாட்டிய ஹெட்செட்டும் இன்று அவன் மாட்டுவதும் ஒன்றல்ல. இரண்டாவது, பழக்கம். இவர்கள் எழுத்தில் பேசி வளர்ந்தவர்கள். எழுதும்போது யோசிக்கலாம், அழித்துத் திருத்தலாம்; அழைப்பில் அது முடியாது. முகம் தெரியாத ஒருவரோடு நேரடியாகக் குரலில் பேசுவது பலருக்கு இந்த வேலையில்தான் முதல்முறை. இதற்குத் துணிச்சல் இல்லை என்று பெயர் வைக்க வேண்டாம். பழகவில்லை, அவ்வளவுதான். பழக்கிக் கொடுக்கலாம்.

எப்படி? ஆளை எடுக்கும்போதே தொடங்க வேண்டும். 1973-ல் ஜான் வானஸ் என்ற ஆய்வாளர் தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வேலையின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டும் படம். இன்னொன்றுக்கு அலுப்பு, கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டிய படம். இரண்டாவது குழுவுக்கு வேலையை விடும் எண்ணம் குறைவாகவே வந்தது. நீங்கள் படமெல்லாம் எடுக்க வேண்டாம். ஆஃபர் லெட்டர் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் தளத்தில் உட்கார வைத்து, இரண்டாவது ஹெட்செட்டில் நிஜ அழைப்புகளைக் கேட்கவிடுங்கள். சிலர் அப்படியே எழுந்து போவார்கள். போகட்டும், ஆறு வாரம் பயிற்சி கொடுத்த பிறகு போவதைவிட அது மலிவு.

அப்புறம் நெஸ்டிங், அதாவது வகுப்பு முடித்தவர்கள் நிஜ அழைப்புகளில் பழகும் முதல் சில வாரம். பயிற்சி வகுப்பு முடிந்ததும் எல்லா வகை அழைப்புகளையும் ஒரே நாளில் திறந்துவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அழைப்பைப் பிரித்தனுப்பும் வசதி உங்கள் சிஸ்டத்திலேயே இருக்கிறது. முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு வகை, அதில் கை பழகியதும் அடுத்தது. சேவையை ரத்து செய்ய வரும் அழைப்புகள், பணம் திரும்பக் கேட்கும் சண்டைகள் எல்லாம் கடைசியில் வரட்டும். பக்கத்தில் ஒரு சீனியர் இருக்க வேண்டும். அவருடைய டார்கெட்டை அந்த நேரத்துக்குக் குறைத்துவிட வேண்டும். டார்கெட்டைக் குறைக்காமல் ‘புதுசா வந்தவங்களையும் பார்த்துக்கோங்க’ என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். அதில் அவர்கள் தப்பும் இல்லை.

அழுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே ஒன்று இருக்க, குரலில் வேறொன்றைக் காட்டுவதையே வேலையாகச் செய்வதற்கு ‘உணர்ச்சி உழைப்பு’ என்று 1983-ல் பெயர் வைத்தார் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு. விமானப் பணிப்பெண்களை வைத்துச் சொன்னது. உங்கள் தளத்துக்கு அப்படியே பொருந்தும். மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலிப்பதுபோல இந்த உழைப்புக்கும் வலி உண்டு, ஓய்வும் வேண்டும். ஆகவே ஒரு மோசமான அழைப்பு முடிந்ததும், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஐந்து நிமிடம் எழுந்து போக ஒரு தனி ‘ஆக்ஸ்’ கோடு (அழைப்பு விழாமல் சிஸ்டத்தில் போடும் குறியீடு) கொடுங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்காக அட்ஹியரன்ஸில், அதாவது அட்டவணைப்படி இருந்தாரா என்ற மதிப்பெண்ணில், குறைக்காதீர்கள். ஏமாற்றுவார்கள் என்று உங்கள் மேலதிகாரி சொல்வார். ஏமாற்றுகிறவர் யார் என்பது ரிப்போர்ட்டில் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். அதற்காக எல்லோரையும் தண்டிக்க வேண்டியதில்லை.

கெட்ட வார்த்தையில் திட்டினால் ஒருமுறை எச்சரித்துவிட்டு அழைப்பைத் துண்டிக்கலாம் என்பதையும் எழுத்தில் கொடுங்கள். துண்டித்த பிறகு க்யூ.ஏ. (அழைப்பின் தரச் சோதனை) மதிப்பெண் குறையக் கூடாது. ‘நீ என்ன சொன்னதால அவர் அப்படித் திட்டினார்?’ என்று டீம் லீடர் முதல் கேள்வியாகக் கேட்கும் இடத்தில் யாரும் தங்கமாட்டார்கள்.

இனி அந்த ‘ஏன்?’. எனக்கு இது உங்கள் பிள்ளைகளிடம் பிடித்த குணம். ஏ.எச்.டி. (ஒரு அழைப்புக்கு ஆகும் சராசரி நேரம்) ஆறு நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறீர்கள். சிக்கலான பிரச்சினையோடு வரும் வாடிக்கையாளருக்கு ஒன்பது நிமிடம் செலவழித்து முழுதாகத் தீர்த்து வைக்கும் பெண்ணுக்குச் சிவப்பு. ‘இருபத்துநாலு மணி நேரம் பொறுத்துக் கூப்பிடுங்கள்’ என்று நாலு நிமிடத்தில் தள்ளிவிடும் பையனுக்குப் பச்சை. அந்த வாடிக்கையாளர் மறுநாள் இன்னொருவர் தலையில் விழுகிறார். ஒரு அளவையே இலக்காக்கிவிட்டால் அது நல்ல அளவாக இருக்காது என்று சொல்லும் விதி பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் பெயரில் வழங்குகிறது. 1975-ல் அவர் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னதிலிருந்து வந்தது. உங்கள் பிள்ளைகள் அதைப் படிக்காமலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஏ.எச்.டி. தேவைதான், எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட. அந்தத் தேவைக்கு டீமின் சராசரி போதும். தனி ஆளை அளக்க, முதல் அழைப்பிலேயே தீர்ந்ததா, மறுபடி கூப்பிட்டாரா என்பதைப் பாருங்கள்.

அதேசமயம் நியாயமான காரணம் இருக்கும் விதிகளும் உண்டு. ஐந்து நிமிடம் தாமதமாக லாக்-இன் செய்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று ஒருவன் கேட்டால், மேலே போட்ட 25, 23, 21 கணக்கை வெள்ளைப் பலகையில் போட்டுக் காட்டுங்கள். ‘நீ வராத ஐந்து நிமிடம் பக்கத்து நாற்காலிக்காரியின் மூச்சு’ என்பது அவனுக்குப் புரியும். போனை லாக்கரில் வை என்பதும் அப்படித்தான்: திரையில் வாடிக்கையாளரின் கார்டு எண் ஓடுகிறது, அதைப் படமெடுக்க முடியாதபடி இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டு, இடைவேளையில் போனைத் தொட முழு உரிமை கொடுத்தால் முணுமுணுப்பு பாதி குறையும்.

இடைவேளை பற்றி ஒரு விஷயம். ஒரு வங்கியின் கால் சென்டரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த அலெக்ஸ் பென்ட்லாண்ட் குழு ஆராய்ச்சி செய்தது. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைச் சிறு கருவிகளை அணியவைத்துப் பதிவு செய்தார்கள். அதுவரை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்த டீமை ஒன்றாக இடைவேளைக்கு அனுப்பினார்கள். பின்தங்கிய டீம்களில் ஏ.எச்.டி. 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, மையம் முழுக்க 8 சதவீதம். வேலை நுணுக்கம் பரிமாறப்படுவது அங்கேதான். இருபத்தொரு பேரையும் சேர்த்து அனுப்ப உங்களால் முடியாது. நாலைந்து பேராக அனுப்பலாம், எப்போதும் அதே நாலைந்து பேராக. வெள்ளிக்கிழமை விளையாட்டைவிட இது மேல். (அந்தக் கேடயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம்.)

ஷிஃப்ட் விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். ரோஸ்டரை முடிந்தவரை முன்கூட்டியே கொடுங்கள். இரவு முடித்தவரை மறுநாள் காலையில் கூப்பிடாதீர்கள். ஐரோப்பியச் சட்டம் இரண்டு வேலைநாட்களுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு கேட்கிறது, அதை நீங்களும் அளவாக வைத்துக்கொள்ளலாம். காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்றினால் உடம்பு ஓரளவு தாங்கும். தங்களுக்குள் ஷிஃப்டை மாற்றிக்கொள்ள விடுங்கள்.

‘வீட்டிலிருந்து வேலை’ என்று கேட்பார்கள். ஷாங்காயில் சீட்ரிப் என்ற பயண நிறுவனம் 2010 கடைசியில் தன் கால் சென்டரில் இதைச் சோதித்துப் பார்த்தது. ஆய்வு செய்தது பொருளாதார நிபுணர் நிக்கலஸ் ப்ளூம் குழு. விருப்பப்பட்டவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். வேலை 13 சதவீதம் கூடியது, விலகுகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். ஆனால் அது ஆறு மாதமாவது வேலை பார்த்தவர்களுக்கு மட்டும். சோதனை முடிந்து மறுபடி தேர்வு செய்யச் சொன்னபோது பாதிக்கு மேற்பட்டோர் முடிவை மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் தனிமை தாங்காமல் திரும்பியவர்கள் அதில் நிறைய. புதியவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஆறு மாதம் ஓட்டியவர்களுக்கு அதையே ஒரு சலுகையாக வையுங்கள், திரும்பிவரும் கதவையும் திறந்து வையுங்கள்.

செயற்கை நுண்ணறிவு உதவியாளரை மேலிடம் வாங்கப் போகிறது என்றால் பயப்பட வேண்டாம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சேவை ஏஜென்டுகளை வைத்து 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பதில் எடுத்துக்கொடுக்கும் கருவி சராசரியாக 14 சதவீதம் வேலையைக் கூட்டியது. புதியவர்களுக்கு 34 சதவீதம். ‘மேனேஜரைக் கூப்பிடு’ என்று வாடிக்கையாளர் கேட்பதும் குறைந்தது. ஆனால் அதே கருவியை ஒவ்வொரு அழைப்பையும் உளவு பார்த்து மதிப்பெண் போடவும் பயன்படுத்தினால், கிடைத்த நல்லதை அதுவே தின்றுவிடும். எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் பேப்பர் போடுவது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது, புரிகிறது. நேரில் வந்து சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒருமுறை யோசியுங்கள். சான்றிதழை இழுத்தடித்ததோ, ‘உன்னை நம்பித்தானே எடுத்தோம்’ என்று அரை மணி நேரம் பேசியதோ நடந்திருந்தால், அதைப் பார்த்தவர்கள் போனிலேயே முடித்துக்கொள்வார்கள். போனவர்களில் சிலரை இரண்டு மாதம் கழித்துக் கூப்பிட்டுப் பேசுங்கள். நிலுவை எதுவும் இல்லாதபோதுதான் உண்மை வரும். எத்தனையாவது வாரத்தில் போனார்கள், அதற்கு முந்தைய வாரம் என்ன மாறியது என்று மட்டும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். வயது எழுதும் கட்டம் வேண்டாம்.

கடைசியாக, அந்தப் பெண். ஷிஃப்ட் முடிந்து அவள் பையை எடுக்கும்போது பிடித்துப் பேசாதீர்கள். வேலை நேரத்திலேயே ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லி அரை மணி கொடுங்கள். ‘ஏன் போகிறாய்?’ என்றால் மேற்படிப்பு, வீட்டில் சொல்கிறார்கள் என்று ஏதாவது சொல்வாள். ‘போகலாம் என்று முதலில் தோன்றியது எப்போது, அந்த வாரம் என்ன நடந்தது?’ என்று கேளுங்கள். அவள் சொல்வது உங்கள் கைக்குள் இருப்பதாக இருந்தால், ஷிஃப்டோ, அழைப்பு வகையோ, ஒரு டீம் லீடரின் வாயோ, இந்த வாரமே மாற்றுங்கள், அவளுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். சம்பளம்தான் காரணம் என்றால், அவளுக்கு மட்டும் ரகசியமாகக் கூட்டிக் கொடுக்கச் சொல்லி மேலே போகாதீர்கள். அந்த ரகசியம் தளத்தில் ஒரு நாள்கூடத் தாங்காது. மொத்த டீமின் சம்பளத்தையும் வெளியே கொடுப்பதோடு ஒப்பிட்டு அந்தப் பிளானில் சேருங்கள்.

எல்லாம் கேட்டும் போவதாக இருந்தால் நல்லபடியாக அனுப்புங்கள். திரும்பி வந்தால் எடுத்துக்கொள்வோம் என்று எச்.ஆர். மூலமாக எழுத்திலேயே கொடுங்கள். நோட்டீஸ் காலத்தில் இருப்பவளைப் புதியவர்கள் பக்கத்தில் உட்கார வைக்காதே, மனதைக் கெடுத்துவிடுவாள் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ரீஃபண்டு சண்டையை அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று அவர்கள் கற்றுக்கொள்ள இருப்பது அந்தச் சில வாரம்தான்.